பவளமும் விளக்கும்

முத்தும் பவளமும் நம் நாட்டார்க்குப் புதியன அல்ல. கொற்கைத் துறையில் முத்துக் குளித்த காலந்தொட்டு, ஒன்பது மணிகளுள் இவ்விரண்டும் கடல் தந்த செல்வமாகப் போற்றப்பட்டு வந்தன. ஆயினும், நம் தாய்மார் கழுத்தில் அணியும் செம்பவளம் நம் கடலிற் பிறந்ததன்று. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலில், வெயில் நன்கு எட்டாத பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் வளர்வது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவிற் காணப்படும் பவளப்பாறைகளோ, வெயில் நேரே இறங்கும் ஆழங்குறைந்த நீரில் வளர்வன. இரண்டிற்கும் பெயர் ஒன்று, வாழ்வு வேறு. முன்னது மங்கிய ஒளியில் இரை பிடித்தே உண்டு வாழ்வது. பின்னது தன் உணவின் பெரும்பகுதியை ஒளியினின்றே பெறுவது. இவ்வேற்றுமையை உள்ளத்திற் கொண்டாலன்றி, வீட்டில் அமைக்கும் கடல்நீர்த் தொட்டிக்கு எவ்விளக்குத் தக்கது என்னும் வினாவிற்கு விடை காண்டல் அரிது.

இவ்வினாவை எம்மிடம் கொணர்ந்தவர் சேலையூரில் வாழும் பழைய மாணவர் ஒருவர். அவர் தம் வீட்டுக் கூடத்தில் 90 சென்டிமீட்டர் நீளமும், 45 அகலமும், 45 உயரமும் உடைய கண்ணாடித் தொட்டி ஒன்றில் கடல்நீர் நிரப்பி, இரண்டு கோமாளி மீன்களையும் ஒரு கடற்சாமந்தியையும் வளர்த்து வந்தார். கடற்சாமந்தி என்பது பூவன்று. பவளத்திற்கு உறவான ஒரு விலங்கு. அது தொட்டிக்கு வந்த நாள் முதல் சாதாரண வீட்டு விளக்கின் கீழ் அமைதியாக இருந்தது. பின்னர், பவளம் வளர்ப்போர்க்கென விற்கப்படும் பெரிய விளக்கொன்றை வாங்கி அவர் அதன்மேல் தொங்கவிட்டார். பத்து நாட்களுக்குள் கடற்சாமந்தி சுருங்கியது. அதன் பழுப்பு நிறம் நீங்கி வெண்மையாயிற்று.

“ஐயா, ஒளி போதாமல் வாடுகிறது போலும். இன்னொரு விளக்கும் வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது?” என்று அவர் வினவினார்.

“எதை வாங்குவது என்பதற்கு முன், யாருக்காக வாங்குகிறோம் என்பதைப் பார்ப்போம், தம்பி,” என்று கூறி, யாம் அவர் இல்லத்திற்குச் சென்றோம். அங்குக் கண்டதும், அதுபற்றி ஆராய்ந்து அறிந்ததும் மாணவர் பிறர்க்கும் பயன்படும் என்றெண்ணி ஈண்டு எழுதலானோம்.

முதலில் அவ்வுயிரின் இயல்பை அறிதல் வேண்டும். பாறை கட்டும் பவளத்தின் உடல் சிறு சிறு பூப்போன்ற உயிர்களின் தொகுதி. ஒவ்வொன்றின் தசையினுள்ளும் கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் மிகப் பலவாகக் குடியிருக்கின்றன. பவளத்திற்கும் கடற்சாமந்தி பலவற்றிற்கும் பழுப்பு நிறத்தைத் தருவன இப்பாசிகளே. இவை பகலில் ஒளியைக் கொண்டு சர்க்கரை முதலிய உணவைச் சமைத்து, அதன் பெரும்பகுதியைத் தமக்கு இடம் தந்த விலங்கிற்கு அளிக்கின்றன. நல்ல வெயிலுள்ள பாறையில், பவளத்தின் ஆற்றல் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குவரை இவ்வழியிற் கிடைத்தல் கூடும். விலங்கோ தன் கழிவுப்பொருள்களைப் பாசிக்கு எருவாகத் தருகின்றது. வீட்டில் இடம் பெற்ற குடியிருப்போர் வாடகையை அரிசியாக அளப்பது போன்ற இவ்வொப்பந்தத்திற்கு ஆதாரம் ஒளி. ஆகவே, மீன் தொட்டிக்கு விளக்கு காண்பார் கண்ணுக்காக. பவளத்திற்கோ அது சோறு. சோற்றை அழகு பார்த்து இடுவாரில்லை, பசியறிந்தே இடுவர்.

நிற்க. விளக்கைப்பற்றிப் பேசுமுன் ஒரு தடையைச் சொல்லுதல் எம் கடமை. வெளிநாட்டு நூல்களைப் படித்துப் பவளத் தொட்டி அமைக்க ஆசை கொள்ளும் இளைஞர் நம் நாட்டுச் சட்டத்தை அறிந்திருப்பதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் கற்பவளங்கள் அனைத்தும், கரும்பவளமும், குழற்பவளமும், தீப்பவளமும், கடல் விசிறிகளும் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காவல் இவற்றிற்கும் உண்டு. இவற்றைக் கடலினின்று எடுத்தலும், விற்றலும் குற்றம். இறந்த பவளக்கல்லை வாணிகம் செய்தலும் அவ்வாறே. குற்றம் மெய்ப்பட்டால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறைவாசம் நேரும். எம் நண்பரிடமும் ஒருவர் கற்பவளத் துண்டொன்றைக் காட்டி, “இது வளர்ப்பினது; தடை இல்லை” என்று விலை பேசினாராம். நண்பர் வாங்காதது அவர் நல்லூழ்.

அவரிடமிருந்த கடற்சாமந்தி மேற்சொன்ன ஐந்தினுள் ஒன்றன்று. எனினும், அட்டவணையிற் பெயர் இல்லாத உயிராயினும், எங்கே எவ்வாறு பிடிக்கப்பட்டதென ஆராயாமல் வாங்கலாகாது; ஐயமுள்ளவிடத்து வனத்துறையாரைக் கேட்டறிதலே முறை. கடலினின்று பிடியாமல் குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன்கள் கிடைக்கின்றன. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள ஆய்வு நிலையங்கள் இவ்வளர்ப்பு முறையைச் செய்து காட்டியுள்ளன. பச்சைக் கடற்பாசிகளோ ஒளியின் இயல்பைக் கற்பிக்கப் பவளத்தினும் குறைந்தவை அல்ல. எனவே, இக்கட்டுரையில் கற்பவளத்தைப்பற்றி யாம் கூறுவன அறிவுக்காகவே. வளர்ப்பதற்காக அல்ல என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.

இனி ஒளியைக் கவனிப்போம். ஒளியைத் தேர்வார் நிறம், அளவு, காலம் என்னும் மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

நிறத்தை முதலிற் காண்போம். ஞாயிற்றின் வெள்ளொளியில் எல்லா நிறங்களும் உண்டு. ஆயினும் நீர் அவற்றை ஒப்ப நடத்துவதில்லை. செந்நிறத்தை நீர் விரைவில் விழுங்கிவிடும். சில மீட்டர் ஆழத்திலேயே அதன் பெரும்பகுதி மறையும். தெளிந்த கடலில் மிக ஆழமாக இறங்குவது நீலமே. 1921-இல் இங்கிலாந்தினின்று கப்பலில் திரும்பிய சர் சி. வி. இராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்து, அது வானத்தின் நிழல் மட்டுமன்று. நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறச் செய்வதால் விளைவது என நிறுவினார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற அப்பெரியார் தொடங்கிய அவ்வாராய்ச்சியே 1930-இல் நோபல் பரிசிற்கு வழிகாட்டிற்று. கடல் தன்னுள் நீலத்தையே மிகுதியாக வைத்திருத்தலின், பவளத்தின் நுண்பாசிகளும் நீலத்தையே மிகுதியாக உண்ணப் பழகின. அவற்றின் நிறப்பொருள்கள் ஏறத்தாழ 430 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள அலைகளை நன்கு பற்றுகின்றன. அதனாலேயே பவளத் தொட்டி விளக்குகள் நீலமாக ஒளிர்கின்றன.

ஒன்றை மறத்தலாகாது. 45 சென்டிமீட்டர் நீரில் செந்நிறம் பெரிதும் குறைவதில்லை. தொட்டி, கடலின் ஆழத்தைத் தானே உண்டாக்காது. விளக்கின் நிறத்தாலேயே அதனை உண்டாக்குகிறோம். செந்நிறம் மிகுந்த விளக்கை வைத்தால் கண்ணாடியிலும் கல்லிலும் வேண்டாப் பாசி படரக் காண்பதுண்டு. முழு நீலமாக வைத்தாலோ நம் கண்ணுக்கு மீன்களின் மெய்நிறம் தோன்றாது. நீலம் மிகுந்து, வெண்மை சிறிது கலந்த ஒளியே இரு சாராரையும் நிறைவு செய்யும்.

அடுத்தது அளவு. இங்கேதான் பலர் தவறுகின்றனர். கைப்பேசியிலும் மலிவான கருவிகளிலும் காணும் ‘லக்ஸ்’ என்னும் அளவு மனிதக் கண்ணுக்காக அமைந்தது. நம் கண் பகலொளியில் 555 நானோமீட்டர் பச்சையை மிக நன்கு உணரும். 450 நானோமீட்டர் நீலத்தையோ அதில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கே உணரும். ஆதலின் நீல விளக்கின் கீழ் அக்கருவி சிறிய எண்ணைக் காட்டும். கண்ணும் “மங்கல்” என்றே சொல்லும். பாசியோ அவ்வேளையில் ஒளி வெள்ளத்தில் மூழ்கியிருக்கும். எம் நண்பர் “ஒளி போதவில்லை” என்று எண்ணியதற்குக் காரணம் இதுவே.

பாசிக்குரிய அளவு வேறு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நொடியில் எத்தனை விழுகின்றன என எண்ணுவர். அவ்வெண்ணிக்கையை மைக்ரோமோல் என்னும் அலகால் கூறுவர். ஒரு மைக்ரோமோல் என்பது ஏறத்தாழ ஆறாயிரம் கோடி கோடித் துகள்கள். இதனை அளக்கும் கருவிக்குப் பார் மீட்டர் என்று பெயர். நடுப்பகல் வெயிலில் இக்கருவி 2000 மைக்ரோமோல் அளவு காட்டும். தொட்டி வளர்ப்போர் தம் பழக்கத்தால் கண்ட அளவுகள் இவை: மென்பவளங்களுக்கு 50 முதல் 150, பெரிய வாயுடைய கற்பவளங்களுக்கு 100 முதல் 200, கிளைவிடும் சிறுவாய்க் கற்பவளங்களுக்கு 200 முதல் 350. கடற்சாமந்தி இனத்திற்கேற்ப இவற்றின் இடையே நிற்கும். இவை வேதவாக்கு அல்ல; தொடங்குதற்குரிய குறிப்புகளே.

மூன்றாவது காலம். 200 மைக்ரோமோல் ஒளி நாளொன்றுக்கு 10 மணி நேரம் விழுந்தால், 36,000 நொடிகளில் 72 இலட்சம் மைக்ரோமோல், அதாவது 7.2 மோல் ஒளி கிடைக்கின்றது. 100 மைக்ரோமோல் ஒளியை 20 மணி நேரம் எரித்தாலும் கணக்கு ஒன்றே. ஆயினும் உயிர் அதனைப் பொறாது. பவளத்திற்கும் பாசிக்கும் இரவு வேண்டும். நாம் வீடு திரும்பிய பின் தொட்டியைக் கண்டு மகிழ வேண்டுமாயின், விளக்கு எரியும் நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றலாம். இரவை நீக்கிப் பகலை நீட்டுதல் கூடாது. எட்டு முதல் பத்து மணி நேரம் போதுமானது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏற்றி அணைக்க ஒரு தானியங்கி விசை பெரிதும் உதவும்.

இனி விளக்கு வகைகள் மூன்றினைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, மெட்டல் ஹாலைடு என்னும் வெப்பம் மிகுந்த விளக்கு. ஒரே இடத்தினின்று வலிய ஒளி பாய்வதால், நீரலைகளின் நிழல் தரையில் ஆடும். கடலடியைப் போன்ற அழகு அதற்கு உண்டு. ஆயின் அதன் சூடு தொட்டி நீரையும் அறையையும் காய்ச்சும். இரண்டாவது, டி5 என்னும் மெல்லிய குழல் விளக்கு. நான்கைந்து குழல்களை அருகருகே வைத்தால் நிழலின்றி ஒளி பரவும். ஆண்டுக்கொருமுறை குழல்களை மாற்றுதல் வேண்டும். கண்ணுக்கு ஒளி குறையாதது போலத் தோன்றினும் நிறமும் வலிமையும் தளர்ந்திருக்கும். மேலும், பாதரசத்தைக் குறைக்கும் உலக நாடுகளின் உடன்படிக்கையால் இக்குழல்கள் 2027-க்குள் ஒழிக்கப்பட வேண்டியனவாயின. மூன்றாவது, எல்.இ.டி. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்ட ஜப்பானிய அறிஞர்களான அகசாகி, அமானோ, நகாமுரா மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் கண்டதே இன்று பவளத் தொட்டிகளின் உயிர்நாடி. இதில் நீலத்தையும் வெண்மையையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இயலும். குறை யாதெனில், வில்லையின் வழியே ஒளி குவிவதால் நேர்கீழே மிகுதியும் ஓரத்தில் குறைவும் ஆகும். எனவே, விளக்கைச் சற்று உயர்த்தித் தொங்கவிடுதலோ, ஒரு பெரிய விளக்கிற்குப் பதில் இரு சிறியன வைத்தலோ நன்று.

செலவுக் கணக்கையும் காண்போம். 100 வாட் எல்.இ.டி. நாளொன்றுக்குப் பத்து மணி எரிந்தால் ஒரு யூனிட். இரு மாதக் கணக்கில் 60 யூனிட். 54 வாட் குழல்கள் நான்காயின் ஏறத்தாழ 130 யூனிட். 250 வாட் ஹாலைடாயின் 150 யூனிட். அதன் சூட்டைத் தணிக்கும் குளிர்பொறியின் மின்சாரம் இதற்கு மேல். சென்னை வெயிலில் வாழும் நடுத்தரக் குடும்பத்திற்கு எது பொருந்தும் என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சேலையூர்த் தொட்டிக்கு மீள்வோம். விளக்கு 100 வாட் எல்.இ.டி.; நல்ல பொருளே. அது நீர்மட்டத்திற்கு மேல் ஒரு சாண் உயரத்தில், முழு வலிமையோடு, நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் எரிந்துகொண்டிருந்தது. இரவல் வாங்கிய பார் மீட்டரைக் கடற்சாமந்தியின் அருகே இறக்கினோம். 600 மைக்ரோமோலுக்கு மேல் காட்டியது. உண்மை வெளிப்பட்டது: அவ்வுயிர் வாடியது பசியால் அன்று, மிகை உணவால். நம் கல்லூரிச் சோலையில் மரநிழலில் வளர்ந்த செடியைப் பெயர்த்து, சித்திரை வெயிலில் திறந்த வெளியில் நட்டால் இலை கருகாதோ? அதுவே இங்கும் நிகழ்ந்தது. அளவிற்கு மிஞ்சிய ஒளியில் பாசியின் சமையல் கலங்கித் தீய பொருள்கள் பிறக்கின்றன; அவற்றைப் பொறாத விலங்கு பாசியையே வெளியேற்றி வெளிறுகின்றது. வெளிறிய உயிர் அப்பொழுதே இறந்ததன்று, பட்டினி கிடப்பது.

இன்னொரு விளக்கு வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, இருந்த விளக்கையே இரண்டு சாண் உயரத்திற்கு ஏற்றினோம். வலிமையை நாலில் ஒரு பங்காகக் குறைத்தோம். நேரத்தை எட்டு மணியாக்கினோம். வாரம் இருமுறை சிறு இறால் துண்டுகளை ஊட்டுமாறு கூறினோம். பின்னர் வாரத்திற்குச் சிறிது சிறிதாக ஒளியைக் கூட்டினார். இரண்டு திங்களில் பழுப்பு நிறம் மெல்லத் திரும்பலாயிற்று. செலவு ஒரு கொக்கியும் சங்கிலியுமே.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் வாழ்வார்க்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று வெப்பம். தொட்டி நீர் 25 முதல் 27 பாகை செல்சியஸில் இருத்தல் நலம். வைகாசியில் வெளியே 40 பாகை கடந்தால், மூடிய கூடத்தில் தொட்டி 30-ஐத் தாண்டுதல் எளிது. அந்நாட்களில் விளக்கின் வலிமையைக் குறைப்பதே அறிவு. ஏனெனில் சூடும் ஒளியும் சேர்ந்தே கேடு விளைக்கின்றன. சிறு மின்விசிறி ஒன்றை நீரின்மேல் வீசச் செய்தால், ஆவியாதலால் இரண்டொரு பாகை தணியும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆதலின் குறைந்த அளவிற்கு நன்னீரே ஊற்றுதல் வேண்டும்.

மற்றொன்று மின்தடை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் பட்ட பாட்டையும், 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயலில் மரங்கள் சாய்ந்து பல நாள் இருளில் கிடந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் நீரில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் இன்வெர்ட்டரின் மின்சாரத்தை எதற்குத் தருவது? பலர் விளக்கிற்கே தருவர், அது பிழை. இரண்டொரு நாள் இருளை இவ்வுயிர்கள் தாங்கும். நீரோட்டம் நின்றாலோ சில மணி நேரத்தில் உயிர்வளி குறைந்து அனைத்தும் மடியும். இருளில் பாசியும் உயிர்வளியை உண்ணுமேயன்றித் தராது. ஆதலின் முதலில் நீர் இறைக்கும் மோட்டாரும் காற்றுக் குழாயும், விளக்கு கடைசியிலேயே.

இவ்வளவும் ஒரு சிறு தொட்டியின் கதை. ஆயினும் இது மன்னார் வளைகுடாவின் கதையும் ஆகும். அங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. முன்னாளில் சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்கும் பவளக்கல்லை வெட்டியெடுத்த கொடுமையைச் சட்டம் தடுத்தது. ஆயின் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் கடல்நீர் அளவிற்கு மிஞ்சிக் காய்ந்தபொழுது, சேலையூர்த் தொட்டியில் யாம் கண்ட அதே வெண்மை பாறைகள் மேல் பரந்தது. வழக்கமான கோடை உச்சத்திற்கு மேல் ஒரு பாகை ஏறி, சில வாரம் நீடித்தாலே அவ்வெளிறல் தொடங்குகின்றது. சூடேறிய நீரில், நேற்றுவரை உணவளித்த அதே வெயில் நஞ்சாகின்றது.

தொட்டியின் விளக்கை ஒரு சாண் உயர்த்தினோம், உயிர் பிழைத்தது. கடலின்மேல் தொங்கும் விளக்கை உயர்த்துவார் யார்? அதன் சூட்டைத் தணிக்கும் விசிறி எங்கேயுளது? நாம் எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் குறைப்பதன்றி அங்கே வேறு விசை இல்லை. நம் கையிலுள்ள சிறு விளக்கை அளவறிந்து ஏற்றக் கற்ற மாணவன், அப்பெரிய அளவையும் ஒருநாள் எண்ணுவான் என்பது எம் நம்பிக்கை. இராமேசுவரம் செல்லும் வாய்ப்புக் கிடைப்போர், பவளத்துண்டு ஒன்றையும் கையில் எடாது, நீரினூடே அதனைக் கண்ணாற் கண்டு மீள்க. இல்லத்தில் தொட்டி வைப்போர் உயிரை முதலில் அறிக. அதன் பின்னரே விளக்கை வாங்குக.